சர்வர் காத்த ராத்திரிகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், உங்கள் துறையின் சரித்திரமாக இருந்தால் நல்லது என்று சங்கச் செயலாளர் கேட்டார். என் துறை சர்வர் பராமரிப்பு. 'சர்வர்' என்றதும் மூத்த பேட்ச் அண்ணன்மார்களுக்கு நாகேஷ் ஞாபகம் வந்தால் அதில் தப்பே இல்லை. ஓட்டல் சர்வர் செய்கிற வேலையைத்தான் கம்ப்யூட்டர் சர்வரும் செய்கிறது. பத்து மேஜையில் பத்து விதமாகக் கேட்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், கலக்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மிச்சமிருப்பது ஒரே மசால் தோசை, இரண்டு மேஜையிலிருந்து ஒரே நேரத்தில் குரல் வருகிறது என்றால் யாருக்கு என்று முடிவு செய்வதும் அவர்தான். அந்தக் கடைசி வேலைதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பாங்க், ரயில்வே ரிசர்வேஷன் பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. நான் எடுத்துக்கொண்டிருப்பது பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளின் சர்வர்.

விளையாட்டுக்கு என்ன சரித்திரம் என்று செயலாளர் சிரித்தார். இருக்கிறது சார். அதுவும் கல்லூரிச் சரித்திரம். இந்தத் தொழிலைப் பெரும்பாலும் தொடங்கி வளர்த்தவர்கள் மாணவர்கள், அதுவும் ராத்திரியில், அடுத்தவர் மெஷினில்.

1978. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம். அங்கே இருந்தது டி.ஈ.சி. கம்பெனியின் பி.டி.பி.-10 வகைக் கம்ப்யூட்டர். மெஷின் ஒன்று, அதோடு இணைந்த டெர்மினல்கள் பல. ஒவ்வொருவருடைய ப்ரோக்ராமும் மெமரியில் தனித்தனி வீட்டில் குடியிருக்கும். ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ராய் ட்ரப்ஷா என்ற மாணவருக்கு ஒரு சந்தேகம்: எல்லா வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து எழுதவும் படிக்கவும் பொதுவாக ஒரு திண்ணை கட்ட முடியாதா? முயன்று பார்த்தார், முடிந்தது. அவருடைய முதல் ப்ரோக்ராம் அந்தத் திண்ணை நிற்குமா என்று சோதிப்பதற்கு மட்டுமே. அதன் மேல்தான் பிறகு 'மல்ட்டி யூசர் டஞ்சன்' எழும்பியது. சுருக்கமாக 'மட்'. படம் கிடையாது, எல்லாம் எழுத்து. 'வடக்கே போ' என்று டைப் அடித்தால் அங்கே என்ன இருக்கிறது, யார் நிற்கிறார்கள் என்று எழுத்தில் பதில் வரும். அங்கே நிற்பவர் அடுத்த அறை டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்! அன்றைக்கு அது பெரிய அதிசயம்.

1980-ல் ட்ரப்ஷா படிப்பு முடிந்து போனார். சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் பொறுப்பேற்று ஆட்டத்தை முழுமையாக்கினார். பகலில் மெஷின் ஆராய்ச்சிக்கும் பாடத்துக்கும். வெளியார் போன் வழியாக மட் ஆட வருவதெல்லாம் நள்ளிரவுக்கு மேல்தான். மட்டில் புதையல்களைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்தில் போட்டால் பாயிண்ட். எல்லாரும் போட்டபடியே இருந்தால் கொஞ்ச நேரத்தில் உலகத்தில் புதையலே இருக்காது. அப்போது என்ன செய்வது? உலகத்தையே ரீசெட் செய்து முதலிலிருந்து தொடங்குவார்கள். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்று இன்று நாம் கேலியாகச் சொல்லும் வைத்தியம் அங்கே ஆட்டத்தின் விதியாகவே இருந்தது.

எஸ்ஸெக்ஸ் மட்டில் ஆடிப் பழகியவர்களில் ஒருவர் ஆலன் காக்ஸ். வேல்ஸ் நாட்டில் அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 1987-ல் தாமே ஒரு மட் எழுதினார். ஊர்ப் பெயரைச் சேர்த்து அதற்கு 'அபர்மட்' என்று பெயர். பிறகு ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில், அப்போதுதான் பிறந்திருந்த லினக்ஸை நெரிசலான நெட்வொர்க் ஒன்றில் போட்டு ஓட்டினார். நெரிசலில் அது அடிக்கடி படுத்தது. ஒவ்வொரு ஓட்டையாகத் தேடி அடைத்தார். அப்படி அடைத்து அடைத்தே லினக்ஸின் நெட்வொர்க் பகுதிக்குப் பொறுப்பாளரானார். இன்று உலகத்து சர்வர்களில் பெரும் பகுதி லினக்ஸில் ஓடுகிறது. அதன் அஸ்திவாரத்தில் கை வைத்தவர்களில் ஒருவர் ராத்திரி ஆட்டக்காரர். இதைச் சொன்னால் நம் பேராசிரியர்கள் நம்ப மாட்டார்கள்.

எழுத்து ஆட்டங்கள் மெஷினுக்கு அதிகப் பாரம் இல்லை. தலைவலி ஆரம்பித்தது 1993 டிசம்பர் 10 அன்று. ஐ.டி. சாஃப்ட்வேர் என்ற சிறிய அமெரிக்கக் கம்பெனி 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. விஸ்கான்சினில் ஒரு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்து அங்கிருந்து எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அங்கே காத்திருந்த கூட்டத்தில், ஏற்ற வந்த கம்பெனிக்காரருக்கே உள்ளே நுழைய இடமில்லை!

டூமில் நான்கு பேர் நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடலாம். தனியாக சர்வர் கிடையாது. ஒவ்வொரு மெஷினும் செகண்டுக்கு 35 தடவை 'நான் இந்தக் கீயை அழுத்தினேன்' என்று மற்றவர்களுக்குச் சொல்லும். நான்கு பேர் சேதியும் வந்து சேர்ந்தால்தான் ஆட்டம் ஓர் அடி நகரும். ஆகவே மாட்டு வண்டிதான் ஊர்வலத்தின் வேகம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. முதல் பதிப்பு இந்தச் சேதிகளை அந்த மூன்று பேருக்கு மட்டும் அனுப்பாமல், நெட்வொர்க்கில் இருக்கிற அத்தனை மெஷினுக்கும் தண்டோரா போட்டது. ஆடாத மெஷின்களும் ஒவ்வொரு தண்டோராவுக்கும் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, 'நமக்கா? இல்லை' என்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாலு பேர் ஆட, கட்டடம் முழுக்க ப்ரின்டரும் ஈமெயிலும் தள்ளாடின. கார்னெகி மெலன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையம் 'நெட்வொர்க்கில் டூம் ஆடாதீர்கள்' என்று அறிவிப்பே வெளியிட்டது. அடுத்தடுத்த பதிப்புகளில் கம்பெனி இதைத் திருத்திவிட்டது. ஆனால் தண்டோராவுக்கும் தனிக் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த மாதத்தில் பல பேருக்குப் புத்தகம் இல்லாமலே புரிந்தது.

அதே கம்பெனி 1996 ஜூனில் 'குவேக்' வெளியிட்டது. இதில்தான் ஓட்டல் சர்வர் முறை முழுசாக வந்தது. நடுவில் ஒரு சர்வர். யார் எங்கே நிற்கிறார், குண்டு யார் மேல் பட்டது எல்லாம் அது சொல்வதுதான் சட்டம். சர்வர் ப்ரோக்ராமும் விளையாட்டோடு கையில் கிடைத்தது. ஆகவே கல்லூரி லேப்களிலும் இன்டர்நெட் கம்பெனிகளிலும் ஆர்வமுள்ளவர்கள் தாங்களே சர்வர் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு சிக்கல். லேப்பில் ஆடுபவனுக்கு ஆட்டம் வெண்ணெய். வீட்டில் மோடம் வைத்திருப்பவன் கீயை அழுத்தினால், அது சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் அவன் கால் நகரும். மோடமே 100 மில்லிசெகண்டுக்கு மேல் விழுங்கிவிடும். 300 மில்லிசெகண்ட் தாமதத்தில் ஓடுவது தூக்கத்தில் நடக்கிற மாதிரி. குவேக்கை எழுதிய ஜான் கார்மாக், 200 மில்லிசெகண்டுக்குக் குறைந்த தாமதத்தை மனதில் வைத்தே வடிவமைத்தேன், உலகத்தில் பெரும்பாலோர் மோடத்தில் இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். 1996 டிசம்பரில் 'குவேக்வேர்ல்ட்' என்ற திருத்தப் பதிப்பு வந்தது. யோசனை எளிது. உன் காலை நீயே உடனே நகர்த்திக்கொள், சர்வர் பிறகு சரிபார்க்கும், ஒத்துவராவிட்டால் உன்னை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும். ஓட்டலில் பழக்கமான வாடிக்கையாளர் பில் வருமுன்னே காசை எண்ணி வைப்பது போல. பெரும்பாலும் கணக்கு ஒத்துப்போகும்.

இந்தத் தாமதத்தில் ஒரு பகுதியை எந்த இன்ஜினியராலும் ஒழிக்க முடியாது. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். போய் வர 82 மில்லிசெகண்ட். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே நிஜத்தில் அதைவிட அதிகம். சிங்கப்பூர் என்றால் சுமார் 2,900 கிலோமீட்டர், 29 மில்லிசெகண்ட். நம் பக்கத்துப் பையன்கள் ஐரோப்பிய சர்வரை விட்டு சிங்கப்பூர் சர்வரைத் தேடிப் போனதன் காரணம் இவ்வளவுதான்.

எங்கள் காலத்து ஹாஸ்டலுக்கு இந்தத் தூரக் கணக்கெல்லாம் வேண்டியிருக்கவில்லை. 2002-ல் ஹாஸ்டலில் இன்டர்நெட்டே கிடையாது. அறைக்கு அறை கேபிள் இழுத்து, வராந்தாவில் ஒரு 10 எம்.பி.பி.எஸ். ஹப்பில் சேர்த்திருந்தோம். ஆட்டம் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்'. 1998-ல் வந்த 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை எடுத்து, மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 1999-ல் மாற்றி அமைத்தது அது. சர்வர், எங்கள் விங்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்த நண்பனின் பென்டியம் மெஷின். அதைக் காப்பது என் பொறுப்பில் விழுந்தது. காரணம், மற்றவர்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சர்வர் காப்பவன் ஒரு நாளில் அதிகம் கேட்கும் வார்த்தை 'லேக்'. தோற்றவன் வாயில் அது தானாக வரும். ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: லேக் உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா? 'ஸ்டேட்டஸ்' என்று சர்வரில் டைப் அடித்தால் ஆடுபவர் பட்டியலும் ஒவ்வொருவர் தாமதமும் வரும். ஒருவனுக்கு மட்டும் ஏறியிருந்தால் அவன் கேபிளையோ மெஷினையோ பார்க்க வேண்டும். பாதிப் பேர் கேஸ் கேபிள் கதவு இடுக்கில் நசுங்கியதுதான், மிச்சத்தில் எலிக்கும் பங்கு உண்டு. எல்லாருக்கும் ஒரே கணத்தில் ஏறினால் சர்வர் அல்லது ஹப்.

ராத்திரி சாப்பாடு முடிந்து ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து எல்லாருக்கும் ஒன்றாக எகிறும், பத்துப் பதினைந்து நிமிஷம் ஆட்டமே ஆட முடியாது, பிறகு தானாகச் சரியாகிவிடும். சர்வர் மெஷினில் ஒரு குறையும் இல்லை. மூன்று நாள் நேரம் குறித்து வைத்தேன். பிறகு ஹப்பின் முன்னால் போய் நின்றேன். இரண்டு விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. கேபிளைத் தொட்டுக்கொண்டே போனால் இரண்டாவது மாடியில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு சினிமா காப்பி ஆகிறது! ஒரு சி.டி. 700 மெகாபைட். 10 எம்.பி.பி.எஸ். முழுசாகக் கிடைத்தாலே ஒன்பது நிமிஷத்துக்கு மேல். ஹப் என்பது ஒற்றை வழிச் சந்து. அதில் லாரி நுழைந்தால் சைக்கிள் நிற்க வேண்டியதுதான். எங்கள் ஆட்டம் சைக்கிள். ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு ஒரு ஸ்விட்ச் வாங்கினோம். ஸ்விட்ச் ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனிப் பாதை போட்டுக் கொடுக்கும். அதன்பின் சினிமாவும் ஓடியது, ஆட்டமும் ஓடியது. கார்னெகி மெலனில் 1993-ல் நடந்ததன் தம்பி இது என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்துத்தான்.

இன்னொரு வைத்தியம் உலகத்து கவுன்ட்டர் ஸ்ட்ரைக் சர்வர்காரர்கள் எல்லாரும் அறிந்தது. விண்டோஸ் சர்வரில் மீடியா ப்ளேயரைத் திறந்து பின்னால் ஓட விட்டால் ஆட்டம் வேகமாகும்! கேட்டால் மூடநம்பிக்கை மாதிரி இருக்கும். விஷயம் இதுதான். சர்வர் ப்ரோக்ராம் ஒரு சுற்று வேலை செய்து, கண்ணயர்ந்து, விண்டோஸின் உள் கடிகாரத் துடிப்பில் விழித்து அடுத்த சுற்றைத் தொடங்கும். அந்தக் கடிகாரம் பல மெஷின்களில் செகண்டுக்கு 64 தடவைதான் துடிக்கும். பாட்டும் படமும் தடங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக மீடியா ப்ளேயர், 'மில்லிசெகண்டுக்கு ஒரு துடிப்பு வேண்டும்' என்று விண்டோஸைக் கேட்டுக்கொள்ளும். கடிகாரம் அன்று மெஷின் முழுவதற்கும் பொது, ஆகவே சர்வர் ப்ரோக்ராமும் அடிக்கடி விழித்தது. மந்திரம் போலத் தோன்றும் வைத்தியத்துக்கும் அடியில் காரணம் இருக்கும். அதைத் தோண்டியவன் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் கஷ்டப்பட மாட்டான்.

தீர்க்கவே முடியாத ஒரு சண்டையும் உண்டு. 'நான் சுவருக்குப் பின்னால் போய்விட்டேன், அப்புறமும் எப்படிடா செத்தேன்?' மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு இதை ஒரு மணி நேரம் வாதிட்டவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம். ஹாஃப் லைஃப் சர்வர் எல்லாரும் நின்ற இடங்களைச் சற்று நேரத்துக்கு ஞாபகம் வைத்திருக்கும். சுட்டவன் சேதி வந்ததும், அவன் சுட்ட நொடியில் அவன் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று காலத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும். வால்வ் கம்பெனியின் யான் பெர்னியர் 2001-ல் இதை விளக்கி எழுதினார். சுட்டவனுக்கு நியாயம், ஓடியவனுக்கு அநியாயம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நியாயம் செய்ய முடியாது என்று தெரிந்தே அவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். தூரம் இருக்கிற வரை இந்த வழக்கு முடியாது.

பெரிய கம்பெனிகளின் சர்வர்களும் நம்மைப் போலத்தான் அவஸ்தைப்பட்டன. 1997 ஆகஸ்டில் 'அல்ட்டிமா ஆன்லைன்' சோதனை ஓட்டத்தில், விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் கேரியட் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற ராஜா வேஷத்தில் மக்களுக்குக் காட்சி தந்தார். சர்வர் விழுந்து மறுபடி எழுந்ததில், யாரும் கொல்ல முடியாத அவருடைய கவசம் திரும்பப் போடப்படவில்லை. கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரம் விட, ராஜா செத்தே போனார். ரீஸ்டார்ட் ஆன பிறகு எது பழையபடி இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு இந்தக் கதையிலிருந்துதான் வந்தது.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு கறுப்பு அத்தியாயத்தையும் சொல்லியாக வேண்டும். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் போன்ற ப்ரோக்ராம் கேமராக்கள், ரூட்டர்கள் போன்ற வீட்டுச் சாமான்களைக் கைப்பற்றி இன்டர்நெட்டைத் தாக்கியது. கம்பெனியில் போட்டுவந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்குத் திறவுகோல். உளவுத்துறைச் சதி என்று பலரும் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் 'மைன்கிராஃப்ட்' விளையாட்டு சர்வர் வியாபாரத்தில் போட்டியாளரைப் படுக்கவைக்கும் நோக்கம் அதன் பின்னால் இருந்தது. எழுதிய மூவரில் ஒருவர் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். தம் பல்கலைக்கழக நெட்வொர்க்கையே பலமுறை தாக்கியவர். 2017 டிசம்பரில் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எஸ்ஸெக்ஸ் மாணவருக்கு இருந்த அதே சாமர்த்தியம், திசை மட்டும் வேறு.

மைன்கிராஃப்ட் இன்னொரு தடவையும் சேதியில் வந்தது. 2021 டிசம்பரில், ஜாவா ப்ரோக்ராம்கள் குறிப்பேடு எழுதப் பயன்படுத்தும் 'லாக்4ஜே'யில் பயங்கர ஓட்டை அம்பலமானது. அரட்டையில் ஒரு குறிப்பிட்ட வரியை டைப் அடித்தாலே போதும். சர்வர் அதைக் குறிப்பேட்டில் எழுதப் போய், தாக்குபவன் சொன்னதைச் செய்துவிடும். வெளியில் முதலில் அலறல் கேட்ட இடங்களில் ஒன்று மைன்கிராஃப்ட் சர்வர்கள். பாங்குகளும் அரசு அலுவலகங்களும் விழித்தெழுந்து பார்க்கும்போது, பள்ளிப் பையன்கள் பலர் தங்கள் சர்வரைத் திருத்தி முடித்திருந்தார்கள்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். 2009-ல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2', பி.சி. ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் போடும் வசதியை எடுத்துவிட்டது. அதன்பின் பல பெரிய விளையாட்டுகள் அதே வழி. சர்வர் கம்பெனியிடம், நமக்கு நுழைவுச் சீட்டு மட்டும். திருடர்களைப் பிடிக்கச் சௌகரியம், ஆள் சேர்க்கச் சௌகரியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே விளக்கணைந்தால் இங்கே ஆட்டமே இல்லை. 2014 மே 31 அன்று கேம்ஸ்பை சேவை மூடியபோது, அதை நம்பியிருந்த பல விளையாட்டுகள் எதிராளி கிடைக்காமல் திண்டாடின. நம் நாட்டில் 2020 செப்டம்பரில் அரசு தடை விதித்த பப்ஜி மொபைல், அக்டோபர் 30 அன்று சர்வர் தொடர்பை அறுத்ததும் கோடிக்கணக்கான போன்களில் வெறும் படமாக நின்றது. 2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டம் 2024 மார்ச் 31-ல் சர்வர் மூடியதும், தனியாக ஆடுவதற்குக்கூட உதவாமல் போனது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். விற்ற விளையாட்டை ஆடும் நிலையில் விட்டுப் போக வேண்டும் என்று ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலையில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது.

அதே நேரம் பழைய கிழவர்களைப் பாருங்கள். மட்டை 1999-ல் கம்ப்யூசர்வ் கம்பெனி நிறுத்தியது. மூல ப்ரோக்ராம் கைவசம் இருந்ததால் அடுத்த வருஷமே ஓர் ஆர்வலர் அதை இன்றைய மெஷினுக்கு மாற்றி ஓட்டிவிட்டார். குவேக்கின் மூல ப்ரோக்ராமை 1999 டிசம்பரில் கம்பெனியே எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதனால் அதற்கு யாரும் சாவு மணி அடிக்க முடியவில்லை.

சங்கத்திடம் ஓர் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் லேப்பில் குவேக் சர்வர் ஒன்று ஓடும். இலவசமாக வெளியிட்ட பகுதிதான், உரிமைப் பிரச்சினை இல்லை. மூத்தவர்கள் ஆடலாம். இன்றைய மாணவர்கள் ஆட வேண்டாம், என்னோடு சர்வர் பக்கம் உட்காரட்டும், நான்கைந்து பேர் போதும். நடுவில் ஒரு கேபிளைப் பிடுங்கி வைப்பேன், கண்டுபிடிக்க வேண்டியது அவர்கள் வேலை. சர்வருக்கு யு.பி.எஸ். உண்டு. ஸ்விட்சுக்கும் ஒன்று கேட்டிருக்கிறேன். நம் ஊர்க் கரன்ட்டை நம்பி இறங்க முடியுமா?